வீட்டுக்குள் சிப்பிக் காளான், கொல்லையில் வைக்கோல் காளான்: எங்கே எதை வளர்க்கலாம்?

சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. மன்னார்குடிப் பக்கம் அப்பா அம்மா இருக்கும் ஊர் வீட்டில் கொல்லையும் வைக்கோல் போரும் உண்டு. பட்டன் காளான், ஷிடாக்கே மாதிரி விலை கூடிய காளான்களை இந்த இரண்டு இடத்திலும் வளர்க்க முடியுமா, நவம்பரில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நவம்பரில் தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு காளானையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பதினோரு வருஷமாக வீட்டில் காளான் படுக்கை, அதாவது வைக்கோலும் காளான் வித்தும் அடுக்கிய பை, போட்டு வருகிறேன். பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊர் வெயிலுக்கு ஒத்துவராத காளானில் ஆரம்பித்தவர்கள்.

பட்டன் காளானுக்கு மொட்டு வரும் சமயத்தில் 18 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். வைக்கோலையும் எருவையும் வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டி மக்கவைத்த உரத்தில்தான் அது வளரும். ஊட்டியில் அது இயல்பாக வருகிறது. சமவெளியில் குளிரூட்டிய அறை இல்லாமல் நடக்காது. ஷிடாக்கேயைக் கட்டையில் வளர்த்தால் முதல் காளானைப் பார்க்கவே ஒரு வருஷம் வரை ஆகும். காணொளிகளில் காட்டுவது போல மரத்தூளில் தவிடு கலந்து பையில் வளர்த்தால் சீக்கிரம் வரும். ஆனால் தவிடு கலந்த மரத்தூளை வெறும் கொதிநீரில் சுத்தம் செய்ய முடியாது. பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் 121 டிகிரியில் மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். அதற்குப் பிறகும் வித்திடும் நேரத்தில் காற்றில் வரும் ஒரு துளி தூசி போதும், பை முழுக்கப் பச்சைப் பூசணம் பிடித்துவிடும். முதல் வருஷம் அதில் கை வைக்காதீர்கள்.

உங்கள் இரண்டு வீட்டுக்கும் பொருத்தமானவை மூன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சென்னை வீட்டுக்குள் சிப்பிக் காளான். மார்ச்சிலிருந்து மழைக்காலம் தொடங்கும் வரை, அதே சென்னையிலோ ஊரிலோ, பால் காளான். வெயில் காலத்தில் ஊர்க் கொல்லையில், மரநிழலில், வைக்கோல் காளான். மூன்றுக்குமே வைக்கோல்தான் தீனி. நம்மூரில் அதற்குப் பஞ்சமில்லை. சிப்பிக் காளானை நெல் வைக்கோலில் வளர்க்கும் முறையை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஜகியா பானோவும் ஸ்ரீவாஸ்தவாவும் 1962லேயே வெளியிட்டார்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாக நம் தட்பவெப்பத்தில் கைப்பழக்கமான முறை அது.

சிப்பியிலிருந்து ஆரம்பிக்கிறேன். செய்முறைக்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். காளான் வளர்ப்பு ஒரு இடம்பிடிக்கும் போட்டி. வைக்கோலில் ஏற்கெனவே பச்சைப் பூசணம், கறுப்புப் பூசணம், பாக்டீரியா என்று ஊரே குடியிருக்கிறது. அதையெல்லாம் முதலில் வெளியேற்றி, அவை திரும்பி வருவதற்குள் நம் காளானின் பூசண இழை முழு வைக்கோலையும் பிடித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். நாம் செய்கிற ஒவ்வொரு வேலையும் இந்தப் போட்டியில் நம் காளானுக்குக் கிடைக்கும் முன்தொடக்கம். அதை நினைவில் வைத்திருந்தால், எந்தக் குறிப்பைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக் கூடாது என்று உங்களுக்கே தெரியும்.

வைக்கோல் அந்தப் பருவத்து அறுவடையாக, பொன் நிறத்தில், மழையில் நனையாததாக இருக்கட்டும். எனக்கு இரண்டாம் வருஷம் நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு வியாபாரி பாதி விலைக்கு வைக்கோல் தந்தார். போரின் மேல் பக்கம் மழை பட்டுச் சாம்பல் பூத்திருந்தது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி இருபது படுக்கை போட்டேன். எட்டாம் நாள் பதினேழு படுக்கையில் பச்சை. அத்தனையையும் தெருக்கோடிக்குச் சுமந்துகொண்டு போய்ப் புதைத்தேன். அன்று முதல் வைக்கோலை முகர்ந்து பார்க்காமல் வாங்குவதில்லை. நல்ல வைக்கோலில் வயல் வாசம் வரும். கெட்டதில் பூட்டிய அறையின் வாடை வரும். கதிர் அறுக்கும் இயந்திரத்தில் வந்து, உருளைக் கட்டாகக் கட்டிய வைக்கோல் சிப்பிக்குப் போதும், எப்படியும் நறுக்கத்தான் போகிறோம்.

முதல் தடவை இரண்டே இரண்டு படுக்கை. அதற்கு ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் போதும். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டராக நறுக்கி, நல்ல தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறிய தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். 80 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம். வைக்கோல் மிதக்கும் என்பதால் ஒரு தட்டைக் கவிழ்த்து மேலே கனம் வைத்து அமுக்க வேண்டும். மிதந்து நிற்கும் வைக்கோல் வேகாது, பச்சை அங்கேதான் ஆரம்பிக்கும். கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லியும் ஃபார்மலின் என்ற கிருமிநாசினியும் கலந்த நீரில் இரவு முழுக்க ஊறவைக்கும் முறையும் உண்டு. நூற்றுக்கணக்கில் படுக்கை போடுகிறவர்கள் எரிபொருள் செலவுக்காக அப்படிச் செய்கிறார்கள். வீட்டுக்குள், சமையலறைக்குப் பக்கத்தில், நாம் சாப்பிடப் போகிற பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வெந்த வைக்கோலை வடிகட்டி, டெட்டால் போட்டுத் துடைத்துக் காயவைத்த பாலித்தீன் விரிப்பில் பரப்புங்கள். அடுத்ததுதான் முழு வேலையிலும் கவனமாகச் செய்ய வேண்டிய இடம், ஈரப்பதம். கைப்பிடி வைக்கோலை எடுத்து உங்கள் முழு பலத்தோடு பிழியுங்கள். தண்ணீர் ஓடினால் இன்னும் காய வேண்டும். ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தாலும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். சொட்டே வராமல், கையைத் திறந்தால் உள்ளங்கை மட்டும் ஈரமாகப் பளபளத்தால் அதுதான் பதம். கணக்கில் சொன்னால் 60 முதல் 65 சதவீத ஈரம். எங்கள் வீட்டில் இந்த வேலை என் அம்மாவுடையது. இட்லி மாவுப் பதம் பார்க்கிற கை அது, கருவி எதுவும் இல்லாமலே ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. ஈரம் கூடினால் பையின் அடியில் தண்ணீர் தங்கி, காற்று இல்லாமல் புளித்து நாறும். ஈரம் குறைந்தால் இழை பாதியிலேயே நின்றுவிடும். மின்விசிறிக் காற்றில் காயவைக்காதீர்கள், அறையில் உள்ள தூசியெல்லாம் அதில் வந்து உட்காரும்.

அப்புறம் வித்து. சோள தானியத்தில் காளான் இழையைப் பரவவிட்டுப் பையில் விற்பதைத்தான் வித்து என்கிறோம். வேளாண் பல்கலைக்கழகத்திலும் பல மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்டால் கிடைக்கும், பயிற்சியும் தருகிறார்கள். அரை நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்து ஆரம்பித்தால் உங்களுக்கு இரண்டு தோல்வியாவது மிச்சம். வித்துப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் வெள்ளையாக, தானியம் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருக்க வேண்டும். மஞ்சள் நீர் கசிந்திருந்தாலோ, எங்காவது பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ வாங்காதீர்கள். தயாரித்து ஒரு மாதம் தாண்டியதும் வேண்டாம்.

படுக்கை போடுவது அரை மணி வேலை. 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில், இரு பக்கமும் திறந்த பாலித்தீன் பை. அடியைக் கயிற்றால் கட்டி உள்பக்கமாகத் திருப்பினால் வட்டமான அடிப்பாகம் கிடைக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வைக்கோல், அதன் மேல் ஓரத்தை ஒட்டி ஒரு பிடி வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து. ஐந்து அடுக்கு வைக்கோல், நடுவில் நான்கு அடுக்கு வித்து. ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் நன்றாக அமுக்குங்கள். தளர்வாக இருந்தால் இழை ஒரு துரும்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியாமல் திணறும். 300 கிராம் வித்துப் பை ஒன்று இரண்டு படுக்கைக்குச் சரியாக இருக்கும். வாயைக் கட்டி, நடுப்பகுதியில் எதிரெதிராகப் பென்சில் கனத்தில் இரண்டு ஓட்டை போட்டால் முடிந்தது.

இனி பதினைந்து முதல் இருபது நாள் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். வெயில் படாத, இருட்டான, 23 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும் மூலை. சென்னை நவம்பரில் வடக்குப் பார்த்த அறையின் தரையே போதும். பைகளை ஒட்டி அடுக்காதீர்கள், இழை வளரும்போது பைக்குள் சூடு கிளம்பும், வெளியே இருப்பதை விட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். மூன்றாம் நாள் வித்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும். பத்தாம் நாள் வெள்ளை வளையங்கள் ஒன்றோடொன்று கைகோக்கும். முழுப் பையும் வெளுத்த பிறகு ஓட்டையில் மூக்கை வைத்துப் பாருங்கள், மழை பெய்து ஓய்ந்த தோட்டத்து வாசம் வரும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நிமிஷம் அது.

பை முழுக்க வெளுத்ததும் பாலித்தீனைக் கிழித்து எடுத்துவிட்டு, காற்றும் மங்கலான வெளிச்சமும் வரும் இடத்துக்கு மாற்றுங்கள். குளியலறைக்கு வெளியே துணி காயப்போடும் இடம் இருக்குமே, அது பெரும்பாலும் சரியாக இருக்கும். சுற்றிலும் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, காலை மாலை கைத்தெளிப்பானால் பனி மாதிரி தண்ணீர் தெளியுங்கள். காற்றின் ஈரம் 85, 90 சதவீதம் வேண்டும். மூன்று நான்கு நாளில் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் கூட்டமாகத் தெரியும். அடுத்த மூன்று நாளில் அது உள்ளங்கை அளவாகிவிடும். மொட்டின் மேல் நேராகத் தண்ணீரை அடிக்காதீர்கள், மஞ்சளாகி அழுகும்.

தப்பு எங்கே என்று காளானின் உருவமே சொல்லிவிடும். காம்பு நீண்டு குடை சின்னதாக இருந்தால் மூச்சு முட்டுகிறது, கரியமில வாயு தங்கியிருக்கிறது, ஜன்னலைத் திறங்கள். குடையின் ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. மொட்டு வந்து அப்படியே பழுப்பாகிக் கருகினால் நேரடிக் காற்று அடிக்கிறது அல்லது சூடு ஏறிவிட்டது. வெளுத்த வைக்கோலில் கறுத்து மை போல உருகும் மெல்லிய குடைகள் முளைத்தால், வைக்கோல் சரியாக வேகவில்லை அல்லது ஈரம் அதிகம். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தொடரலாம், சாப்பிடக் கூடாது. பச்சை தெரிந்தால், அது சின்னப் புள்ளியாக இருந்தாலும், பையை உடனே வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போங்கள். பிரித்துப் பார்க்க வேண்டாம், பிரித்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவி அடுத்த படுக்கைக்கும் காத்திருக்கும். கொசு மாதிரிக் குட்டி ஈக்கள் வந்தால் ஜன்னலுக்கு நைலான் வலை அடியுங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சிப்பிக் காளான் முற்றினால் அதன் அடியிலிருந்து வித்துத் தூள் புகை போலக் கிளம்பும். அது நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், குழந்தைகள் அதே அறையில் தூங்கினால், படுக்கையை அறைக்குள் வைக்கவே வேண்டாம், பால்கனியில் மறைப்பு கட்டி வையுங்கள். குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே, விரிந்து தட்டையாவதற்கு முன்பே, கொத்தோடு திருகி எடுத்துவிட வேண்டும். ருசியும் அப்போதுதான் நன்றாக இருக்கும். அறுவடை நாளில் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு படுக்கையின் மேல் பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் தெளித்து வந்தால், ஒரு வாரத்தில் இரண்டாம் அறுவடை, அடுத்து மூன்றாவது. எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து நாள். அரைக் கிலோ காய்ந்த வைக்கோலுக்கு அரைக் கிலோ காளான் வந்தால் நல்ல விளைச்சல் என்று சந்தோஷப்படலாம்.

ஃபில்டர் காபிச் சக்கையில் வளர்க்கலாமா என்று இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். வளரும். ஆனால் அன்றன்று வடித்த சக்கையாக இருக்க வேண்டும், ஒரு நாள் கிடந்தாலே பச்சை பிடித்துவிடும். இரண்டு மூன்று தடவை வைக்கோலில் கை பழகிய பிறகு கொஞ்சமாகக் கலந்து பாருங்கள்.

மார்ச் வந்து வீடு 30 டிகிரியைத் தாண்டினால் சிப்பி சோர்ந்துவிடும். பால் காளானுக்கு அதுதான் பருவம். முதலில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட காளான் இது. புர்காயஸ்தா, சந்திரா என்ற இரு ஆய்வாளர்கள் 1974ல் அதைப் பற்றி எழுதினார்கள். தமிழ்நாட்டில் 1998ல் வேளாண் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்ற ரகமாக வெளியிட்டது, அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய ரகம். அந்த ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காளானின் குணம் சொல்லாமலே விளங்கும். 30 முதல் 35 டிகிரியில் அது வெள்ளை வெளேரென்று, தடித்த காம்போடு வரும். பறித்த பிறகு சிப்பி மறுநாளே வாடும், பால் காளான் வெளியில் வைத்தாலும் மூன்று நான்கு நாள் அசையாமல் இருக்கும். வாய்க்கு நல்ல கெட்டி, மிளகு போட்டு வறுத்தால் வீட்டில் கறி கேட்கிறவர்கள் கூட அடங்கிவிடுவார்கள்.

வைக்கோல் பக்குவமும் படுக்கையும் சிப்பிக்குச் சொன்ன மாதிரியேதான். வித்தியாசம் இழை முழுக்கப் பரவிய பிறகு வருகிறது. உருளைப் படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தின் மேல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மண் போட வேண்டும். சும்மா மண் போதாது. தோட்டத்து மண்ணைச் சலித்து, நூறு பங்குக்கு இரண்டு பங்கு சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், கலந்து, நீராவியில் ஒரு மணி நேரம் வேகவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும், சேறாகக் கூடாது. பத்துப் பன்னிரண்டு நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு மொட்டு வரும், அதிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் பறிக்கலாம். சிப்பியை விட இதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். நீல பாலித்தீன் கூரை போட்ட குடிலில் வளர்ப்பது அதனால்தான். மொட்டை மாடியில் நேர் வெயில் விழாத பக்கம் ஒரு சின்னக் குடில் போட முடிந்தால் கோடை முழுக்க வீட்டுக்குக் காளான் வாங்க வேண்டியதில்லை.

இப்போது ஊர்க் கொல்லை. வெளியில், திறந்த இடத்தில் வளர்க்க நம் சமவெளிக்கு வைக்கோல் காளான் மாதிரி வேறு கிடையாது. நம் நாட்டில் இதன் சாகுபடி முறையை 1940களில் எழுதிவைத்ததே கோயம்புத்தூரில்தான். இன்று ஒடிசாக்காரர்கள்தான் இதை ஆசையாக வளர்க்கிறார்கள், நாம் ஏனோ மறந்துவிட்டோம். இதற்கு மட்டும் இயந்திரத்தில் நொறுங்கிய வைக்கோல் உதவாது. கையால் அடித்த நீள வைக்கோல் வேண்டும். உங்கள் அப்பாவிடம் சொல்லி, பொங்கலுக்குப் பிந்திய அறுவடையில் ஒரு மூலை வயலையாவது கையால் அறுத்து அடித்து வைக்கச் சொல்லுங்கள்.

முக்கால் மீட்டர் நீளக் கற்றைகளாகக் கட்டி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீரில் ஊறப்போட்டு, சொட்டு வடிய விடுங்கள். மாமரம் புங்கமரம் எதுவானாலும் நல்ல நிழலில், செங்கல் அடுக்கி அதன் மேல் மூங்கில் பரப்பி ஒரு மேடை. அதன் மேல் ஐந்து கற்றை ஒரு அடுக்கு, ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளி வித்தை அங்கங்கே வைத்து, வித்தின் மேல் கொஞ்சம் துவரம்பருப்பு மாவைத் தூவுங்கள். அடுத்த அடுக்குக் கற்றைகளைக் குறுக்காக வையுங்கள். நான்கு அடுக்கு முடிந்ததும் மேலே ஏறி நின்று அமுக்கினாலும் தவறில்லை. பாலித்தீன் போட்டு மூடி ஒரு வாரம் விட்டு, பிறகு திறந்து லேசாகத் தண்ணீர் தெளித்து வந்தால், வித்திட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் கோழி முட்டையை விடச் சின்னதாகச் சாம்பல் நிற உருண்டைகள் கிளம்பும். அந்த முட்டைப் பருவத்திலேயே பறிக்க வேண்டும். காலையில் முட்டையாகப் பார்த்தது சாயங்காலம் உறை கிழிந்து குடையாகிவிடும், அதனால் அம்மாவை ஒரு நாளைக்கு இரண்டு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விளைச்சல் சிப்பியை விடக் குறைவுதான், பத்துக் கிலோ வைக்கோலுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. ஆனால் அந்த மணம் வேறு எந்தக் காளானுக்கும் வராது. இதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலுக்குப் பிறந்த காளான் இது, குளிரில் உருகி நீராகிவிடும். இதன் வித்தையும் அப்படித்தான், வெளியிலேயே வையுங்கள். பறித்த அன்றே சமைத்துவிடுவதுதான் ஒரே வழி.

கொல்லையில் வளர்ப்பதால் ஒரு எச்சரிக்கை. படுக்கையின் மேலோ பக்கத்திலோ நாம் போடாத வேறு குடைகளும் முளைக்கும். பெயர் தெரியாததை யாரும் வாயில் வைக்கக் கூடாது. பூச்சி அரித்திருந்தால் விஷமில்லை, வெள்ளிக் காசு கறுக்காவிட்டால் விஷமில்லை என்று சொல்வதெல்லாம் ஆளைக் கொல்லும் நம்பிக்கைகள். இடி இடித்து மழை பெய்ததும் கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக் காளானை ஊரில் பெரியவர்கள் அடையாளம் கண்டு எடுத்து வருவார்கள், அது வேறு. அதை வளர்க்க முடியுமா என்றும் உங்களுக்குக் கேட்கத் தோன்றலாம். முடியாது. கரையான் தன் புற்றுக்குள் தன் தீனிக்காக வளர்க்கும் பூசணத்தின் குடை அது. கரையானும் புற்றும் இல்லாமல் அதை விளைவிக்க வழி இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு படுக்கை போடுங்கள். அவை பாதி வெளுத்ததும் இன்னும் இரண்டு. இப்படிப் பத்து நாளுக்கு இரண்டாகப் போட்டு வந்தால் பொங்கல் வரை வீட்டுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். அறுவடை முடிந்த வைக்கோலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பாதி மக்கிய அது மண்புழு உரத் தொட்டிக்கும், மாடித் தோட்டத்துக் கத்தரிக்கும் நேராகப் போகலாம்.